யாழ்ப்பாணக் கடலில் ஆலாக்களின் இரைதேடலை ஆராயத் தொடங்குவோருக்கு: அனுமதி, செலவு, காலம்

பறந்தபடியே நீரில் பாய்ந்து சிறுமீன் பிடிக்கும் ஆலா போன்ற கடற்பறவைகள் எங்கே இரை தேடுகின்றன, எவ்வளவு தூரம் போய் வருகின்றன, எந்த மீனைக் குஞ்சுக்குக் கொண்டுவருகின்றன என்பவற்றை யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுப்பகுதியிலும் முறையாக ஆராய விரும்பும் மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கே பறவையைக் கண்டுபிடிப்பது கடினமான காரியம் அல்ல. எந்தக் கடிதத்தை யாரிடம் எந்த மாதத்தில் கொடுக்கவேண்டும் என்பதைச் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் கடினம். அலுவலகம் அலுவலகமாக அலைந்து நான் அறிந்துகொண்டவற்றை, அடுத்தவர் ஒரு பருவத்தை வீணாக இழக்கக்கூடாது என்பதற்காக, வேலை நடக்கவேண்டிய வரிசையிலேயே தருகிறேன்.

1. இனத்தையும் கேள்வியையும் முதலில் முடிவுசெய்யுங்கள்

“கடற்பறவைகளின் நடமாட்டம்” என்று தலைப்பிட்டு விண்ணப்பித்தால் எந்தக் குழுவும் அதைத் திருப்பித்தான் அனுப்பும். ஓரினத்தையோ இரண்டினத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டின் களப்புகளில் மாரிகாலம் முழுவதும் மீசை ஆலாக்களும் பழுப்புத் தலைக் கடற்காகங்களும் நிறைந்திருக்கும். பருத்த அலகு ஆலாவும் காஸ்பியன் ஆலாவும் அவற்றோடு வரும். கரையோரக் கடலில் பெரிய கொண்டை ஆலாவையும் சிறு கொண்டை ஆலாவையும் பார்க்கலாம். கூடுகட்டும் பறவைகளின் இரைதேடலே உங்கள் நோக்கம் என்றால், வெறும் மணலில் முட்டையிடும் சிறிய ஆலாவே தொடக்கத்துக்கு ஏற்றது. அது பெரும்பாலும் கூட்டிலிருந்து சில கிலோமீற்றர்களுக்குள்ளேயே இரை தேடுவதால் கரையில் நின்றே வேலையின் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

ஆனால் சிறிய ஆலாவும் சோண்டர்ஸ் ஆலாவும் நம் கரைகளில் ஒன்றாகக் காணப்படுகின்றன. இனப்பெருக்க இறகு இல்லாத மாதங்களில் இரண்டையும் தொலைவில் வைத்துப் பிரித்தறிவது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதால், அந்த மாதங்களில் “சிறிய/சோண்டர்ஸ்” என்று சேர்த்தே பதியப்போவதாக ஆய்வுத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னர் பரிசோதகர் கேட்கும்போது அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

2. நாட்காட்டியைக் கடைசியிலிருந்து போடுங்கள்

வலசைப் பறவைகள் புரட்டாதி, ஐப்பசி அளவில் வந்து சித்திரையோடு போய்விடும். மணல் திட்டுகளில் ஆலாக்கள் கூடுகட்டுவது பெரும்பாலும் சித்திரைக்குப் பின்னர், ஆவணி வரை. தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மாதங்களும் இவையே என்பதால், கூடுகள் இருக்கும் காலத்தில் தீவுப்பகுதிக் கடலில் சிறு படகு ஓட்டுவது பல நாட்களில் முடியாது. பருத்தித்துறை, மணற்காடு முதலிய வடக்கு, கிழக்குக் கரைகள் வாடைக்காற்றுக் காலத்தில் குழம்பும். இரண்டு பக்கமும் ஓரளவு அடங்கியிருக்கும் மாசி முதல் சித்திரை வரையான காலத்தையே படகு வேலைக்கு நம்பலாம்.

ஆகவே வைகாசியில் முதல் கூட்டைக் கவனிக்க விரும்புபவர், விண்ணப்பத்தை முந்திய கார்த்திகைக்குள் கொடுத்திருக்க வேண்டும். வெறும் அவதானிப்பு என்றால் அனுமதிக்கு மூன்று மாதங்களையும், பறவையைப் பிடிப்பது, காலில் வளையமிடுவது, போகும் இடத்தைப் பதியும் கருவி பூட்டுவது ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் ஆறு மாதங்களுக்குக் குறையாமலும் ஒதுக்குங்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: இறுதியாண்டு ஆய்வுக்கான தலைப்பு உறுதியாகும் நேரத்தில், பறவையின் பருவம் பாதி கடந்திருக்கும். மேற்பார்வையாளருடன் முந்திய ஆண்டிலேயே பேசித் தலைப்பை முடிவுசெய்வதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

3. ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அதன் பிந்திய திருத்தங்களுடன், இலங்கையின் காட்டுப் பறவைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பாதுகாக்கிறது. தேசிய பூங்காவுக்குள் போனால் மட்டுமே அனுமதி வேண்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அது சரியல்ல, உங்கள் வீட்டு வளவுக்கு அருகிலுள்ள கடற்கரையில் ஓர் ஆலாவைப் பிடித்தாலும், அதன் முட்டையைத் தொட்டு அளந்தாலும், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி உங்களிடம் இருக்கவேண்டும். பொதுவீதியில் நின்று தொலைநோக்கியால் பார்த்துக் குறிப்பெடுப்பதற்கு அது தேவையில்லை. சுண்டிக்குளம், நெடுந்தீவு, மன்னாரின் ஆதாம் பாலம் ஆகிய மூன்றும் 2015இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை என்பதால், அவற்றின் எல்லைக்குள் ஆய்வு நோக்கத்துடன் போவதற்கே அனுமதி பெறவேண்டும்.

விண்ணப்பம் பத்தரமுல்லையில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டும். அத்துடன் இணைப்பதற்குப் பின்வருவனவற்றைத் தயாராக வைத்திருங்கள்:

- ஆய்வுத்திட்டம்: அதில் இனம், இடம், மாதம், முறை, பறவைக்கு ஏற்படக்கூடிய இடையூறு ஆகியவை தனித்தனிப் பந்திகளாக இருக்கவேண்டும்.
- மேற்பார்வையாளரின் கடிதமும் துறைத்தலைவரின் கடிதமும், முத்திரையுடன்.
- பறவையைக் கையாள்வதாயின் பல்கலைக்கழக விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அங்கீகாரம்.
- குழுவிலுள்ள ஒவ்வொருவரின் அடையாள அட்டைப் பிரதி, படகோட்டியையும் சேர்த்து.
- இடங்களைக் குறித்த வரைபடம், ஆள்கூறுகளுடன்.

படகோட்டியின் பெயரைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அனுமதிக் கடிதத்தில் பெயர் இல்லாதவர் காவலரணில் நிறுத்தப்பட்டால் அன்றைய நாள் அத்துடன் முடிந்துவிடும். அதேபோல, விண்ணப்பத்தில் எழுதாத இடத்துக்கு அனுமதி செல்லாது. ஆகவே போவதற்குச் சிறிதளவேனும் வாய்ப்புள்ள திட்டுகள் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே பட்டியலில் போடுங்கள். ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தலைமை அலுவலகத்தில் கோப்பைப் பார்ப்பவருக்கும் கடற்கரையில் உங்களை விசாரிக்கும் கடற்படைச் சிப்பாய்க்கும் பெரும்பாலும் சிங்களப் பக்கமே பயன்படும்.

நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் விரைவில் முடியும் என்று நம்பி இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போகாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதியை அனுப்பிவிட்டு, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தொலைபேசியில் கோப்பிலக்கத்தைச் சொல்லிக் கேட்பதே போதும். கோப்பிலக்கம் இல்லாமல் கேட்கும் கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் பதில் கிடைப்பதில்லை.

அனுமதி வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அதன் பிரதியுடன் பிரதேச செயலகத்துக்கும், அந்தந்தப் பகுதியின் கிராம அலுவலருக்கும், அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் தகவல் கடிதம் கொடுங்கள். கடலில் இறங்குவதாயின் கடற்படைக்கும் எழுதவேண்டும். வடக்குக் கட்டளைத் தலைமையகம் காங்கேசன்துறையில் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் படகின் பதிவிலக்கம், போகும் நேரம், திரும்பும் நேரம், ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவை இருக்கட்டும்.

4. கரையில் நின்று தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தின் பெரிய வசதி, கடலுக்கு நடுவே வீதி போவதுதான். பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான பாலம், கேரதீவையும் சங்குப்பிட்டியையும் இணைக்கும் பாலம் ஆகியவற்றில் படகுச் செலவே இல்லாமல், பறவையைக் குழப்பாமல், இரண்டு பக்கமும் ஆழமற்ற நீரைப் பார்க்கலாம். பாலத்தின் மதகுகள் வழியே நீர் ஓடும் இடங்களில் சிறுமீன் திரள்வதால் ஆலாக்களும் அங்கே கூடும். தொண்டைமானாற்றின் முகத்துவாரமும் அப்படிப்பட்ட இடமே.

காக்கைதீவு, குருநகர், பாசையூர் போன்ற மீன் இறக்கும் துறைகளில் கடற்காகங்களும் செம்பருந்துகளும் கழிவுமீனுக்காகக் கூடுகின்றன. அங்கே எடுத்த பதிவுகளை இயற்கையான இரைதேடலுடன் கலக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். தனி ஏடு வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைநோக்கியும் நீண்ட வில்லையுள்ள கமராவும் முக்காலியில் நிற்பதைக் கண்டால் முகாம்களில் இருப்போர் வந்து விசாரிப்பார்கள். முகாமின் திசையில் கருவியைத் திருப்பாமல், கடிதத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பேச்சு முடியும். நாகர்கோவில், முகமாலைப் பக்கம் போகிறவர்கள் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளை மதித்து, ஊரவர் நடக்கும் பாதையை விட்டு விலகாமல் இருக்கவேண்டும். பறவை எந்தப் பற்றைக்குள் இறங்கினாலும் இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

5. வாங்கவேண்டியதும் வாங்கக்கூடாததும்

8×42 அளவுள்ள நல்ல தொலைநோக்கிக்கு 150 முதல் 300 அமெரிக்க டொலர் வரை ஆகும். 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் முக்காலித் தொலைநோக்கிக்கு 400 டொலருக்கு மேல் வேண்டும். அதைத் துறையிடமோ பறவை ஆர்வலர்களிடமோ இரவல் வாங்குங்கள். கைத்தொலைபேசியின் குரல்பதிவும், நீர் புகாத உறையும், பென்சிலும், கோடிட்ட கொப்பியும் மிச்சத்துக்குப் போதும். நீரின் தெளிவை அளக்கும் செக்கித் தட்டை வாங்கவே தேவையில்லை. 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தகட்டை வெட்டி, கால்கால் பகுதிகளாகக் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசி, கீழே பாரமும் மேலே அளவு குறித்த கயிறும் கட்டினால் அதுவே தட்டு.

உண்மையில் பணம் போவது படகுக்குத்தான். 25 குதிரைவலுவுக்கு உட்பட்ட வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகு, நிதானமாக ஓடினால் மணிக்கு ஏழு, எட்டு லீற்றர் எரிபொருள் குடிக்கும். போக, வர, நடுவில் சுற்ற என்று ஐந்து மணிநேர ஓட்டத்தைக் கணக்கிட்டு, அன்றைய விலையால் பெருக்கி, அதன்மேல் படகோட்டியின் நாட்கூலியையும் போடுங்கள். அவர் அன்று தொழிலுக்குப் போயிருந்தால் உழைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவாகக் கூலி பேசுவது நியாயமும் அல்ல, நீடிக்கவும் மாட்டாது. காற்றால் ரத்தாகும் நாட்களுக்காக மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ட்ரோன் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் தேவை; வடக்கில் அது எளிதில் கிடைக்காது. தவிர, கூட்டிலிருக்கும் ஆலாக்கள் அதைப் பருந்தாகக் கருதி எழும்பிவிடும். முதல் ஆண்டில் அதை மறந்துவிடுங்கள்.

6. ஏட்டில் எழுதும் முறை

தொடங்குவோர் பெரும்பாலும் பறவை மீன் பிடிப்பதைக் கண்டபோது மட்டும் எழுதுகிறார்கள். அப்படிச் சேர்த்த பதிவிலிருந்து எந்த வீதத்தையும் கணிக்க முடியாது. ஒரு பறவையைத் தெரிந்தெடுங்கள். அது கண்ணை விட்டு மறையும்வரை, அல்லது மூன்று நிமிடம் வரை, அதையே தொடருங்கள். எத்தனை முறை பாய்ந்தது, எத்தனை முறை பாதியில் நிறுத்தி மேலே எழும்பியது, எத்தனை முறை நீரின் மேற்பரப்பை மட்டும் கொத்தியது என்பவற்றைக் குரலில் சொல்லிப் பதிந்து, மாலையில் ஏட்டில் ஏற்றுங்கள். முடிவு என்ற நிரலில் வெற்றி, தோல்வி என்ற இரண்டுடன் “தெரியவில்லை” என்ற மூன்றாவதும் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் ஐயமான பாய்ச்சல்கள் எல்லாம் உங்களை அறியாமலே வெற்றிப் பக்கம் சாய்ந்துவிடும். பறவையே வராத அரைமணி நேரத்தையும் சுழியம் என்று எழுதுங்கள்.

மீனின் நீளத்தை அலகுடன் ஒப்பிட்டு மதிப்பிடுவது வழமை. சிறிய ஆலாவின் அலகு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். பெரிய கொண்டை ஆலாவின் அலகு ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். “அலகின் ஒன்றரை மடங்கு” என்று எழுதினால் பின்னர் நீளத்தைக் கணித்துக்கொள்ளலாம். இதில் ஆளுக்கு ஆள் கண் வேறுபடும் என்பதால், முதல் வாரத்தில் இருவர் ஒரே பறவையை ஒரே நேரத்தில் பார்த்துத் தனித்தனியே எழுதி ஒப்பிடவேண்டும். அலகில் மீனுடன் பறக்கும் பறவையின் படம் ஒன்றிருந்தால் பாதி விவாதம் குறைந்துவிடும். அந்தப் படத்தை மீனவரிடம் காட்டுங்கள். நெத்தலியா, சூடையா, முரலா, காரலா என்று வாலின் வடிவத்தைக் கண்டே சொல்லிவிடுவார்கள். ஊர்ப்பெயரை அப்படியே எழுதிக்கொண்டு, விஞ்ஞானப் பெயரைத் துறைசார்ந்தவரிடம் பிறகு உறுதிசெய்யலாம்.

ஒவ்வொரு அரைமணிக்கும் காற்றின் திசை, வேகம், முகில், நீரின் தெளிவு, வற்று அல்லது பெருக்கு ஆகியவற்றை எழுதுங்கள். நம் பகுதியில் நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு என்றாலும், களப்பு அவ்வளவு ஆழமற்றது என்பதால் அந்தச் சிறு வேறுபாட்டிலேயே இரைதேடும் இடம் மாறிவிடும். காற்றும் பாய்ச்சலின் வெற்றியை மாற்றக்கூடியது. பாரையோ சூரையோ கீழிருந்து விரட்டி, சிறுமீன் மேலே கொதிப்பதைக் கண்டால் அதற்கும் ஒரு நிரல் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் வேட்டையாடும் மீனும் பறவையும் ஒரே கூட்டத்தின் மேல் இரு பக்கமாக விழுவது இரைதேடலின் மிக முக்கியமான பகுதி. பலர் அதைக் குறிப்புப் பகுதியில் ஒரு சொல்லாக எழுதி விட்டுவிடுகிறார்கள்.

7. சங்கத்திடம் போங்கள்

எந்தத் துறையிலும் முதலில் பார்க்கவேண்டியது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவரை. படகை வாடகைக்குப் பேசுவதற்கு முன் அவரிடம் நோக்கத்தைச் சொல்லுங்கள். வனசீவராசிகள் என்ற பெயரைக் கேட்டதும், “இனி இந்த இடத்தையும் பூங்காவாக்கி எங்களை மறிக்கப்போகிறீர்களா?” என்ற கேள்வி வரும். அது நியாயமான அச்சம். உங்களால் கொடுக்க முடியாத உறுதிமொழி எதையும் கொடுக்காமல், எதை அளக்கிறீர்கள், பதிவு யாரிடம் போகும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பறவை இறங்கும் இடத்தைப் பார்த்து வலை விடுவது அவர்களுடைய தொழிலின் ஒரு பகுதி. எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் ஆலா கூடும் என்பதை வயதான தொழிலாளர் ஒருவரிடம் மாலை நேரத்தில் இருந்து கேட்டால், ஒரு மாத அலைச்சல் மிச்சமாகும். சர்வதேச எல்லைக் கோட்டின் பக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் படகைக் கொண்டுபோகச் சொல்லாதீர்கள். இழுவைப்படகுகள் நடமாடும் இரவுகளில் கடலில் நிற்கவும் வேண்டாம். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று. படகில் இல்லாவிட்டால் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து பயணிகள் படகு உண்டு. ஆனால் கடல் குழம்பினால் அது நிற்கும். ஆகவே ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் உணவுடனும் தங்குமிட ஏற்பாட்டுடனும் போகவேண்டும்.

8. கூடுகள் உள்ள திட்டில்

காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் மட்டும் போங்கள். நண்பகலில் தாய், தந்தைப் பறவைகள் கூட்டை விட்டு எழும்பிவிட்டால் மணலின் சூட்டில் முட்டை சில நிமிடங்களிலேயே கெட்டுவிடலாம். உள்ளே நிற்பது இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது. காகம் பின்தொடர்ந்து வருகிறது என்று கண்டால் கூட்டின் பக்கம் போகாமல் திரும்பிவிடுங்கள். உங்கள் காலடித்தடத்தைக் கட்டாக்காலி நாய்களும் பின்பற்றும். சப்பாத்தையும் கையையும் திட்டுக்குத் திட்டு கழுவுங்கள்; 2021க்குப் பின்னர் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உலகின் பல கடற்பறவைக் கூட்டங்களில் பெரும் சாவை ஏற்படுத்தியிருக்கிறது. இறந்த பறவைகளைக் கூட்டமாகக் கண்டால் தொடாமல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

9. கருவி பூட்டுவது பற்றி

முதல் பருவத்தில் வேண்டாம் என்பதே என் எண்ணம். கரையிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாத கேள்வி ஒன்று கையில் இருக்கும்போது மட்டும் இதற்கு வாருங்கள். மன்னாரில் கருவி பூட்டப்பட்ட ஹியூக்ளின் கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய்த் திரும்பியதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு காட்டியிருக்கிறது. அவ்வகைக் கேள்விக்கு வேறு வழியில்லை.

கருவியும் அதைக் கட்டும் பட்டியும் பசையும் சேர்ந்து பறவையின் நிறையில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. 350 கிராம் பெரிய கொண்டை ஆலாவுக்கு அது ஏறத்தாழ 10 கிராம். 50 கிராம் சிறிய ஆலாவுக்கு ஒன்றரைக் கிராம்தான். அந்த நிறைக்குள் வெளிச்சத்தை அளந்து இடத்தைக் கணிக்கும் கருவி கிடைக்கும். ஆனால் அதன் பிழை நூறு கிலோமீற்றருக்கும் மேல். பாக்கு நீரிணையே அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும். இரைதேடலை அறிய ஜிபிஎஸ் வேண்டும். தரவைத் தன்னுள் மட்டும் சேமிக்கும் ஜிபிஎஸ் கருவி மலிவு, ஆனால் அதே பறவையை மீண்டும் பிடிக்கவேண்டும். தொலைபேசி வலையமைப்பு அல்லது செயற்கைக்கோள் வழியே அனுப்பும் கருவியின் விலை அதைவிட அதிகம்; அனுப்பும் கட்டணம் வேறு.

அலைபரப்பும் கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் ஒப்புதலை, பொதி வந்துசேருமுன் பெறுங்கள். பொதி சுங்கத்தில் இறங்கிய பின்னர் கடிதம் தேடத் தொடங்குவோர், களஞ்சியக் கட்டணத்தைத் தாங்களே கட்டிக்கொண்டு கூடுகாலம் முடிவதையும் பார்த்துக்கொண்டிருக்க நேரும். பறவையைப் பிடிப்பதும் பூட்டுவதும் பயிற்சி பெற்ற, அனுமதியில் பெயருள்ள ஒருவரின் கையால் நடக்கவேண்டும். அடைகாக்கும் காலத்தின் தொடக்கத்தில் பிடித்தால் பறவை கூட்டைக் கைவிடும் ஆபத்து அதிகம்; பொரிப்பதற்குச் சற்று முன்னரோ குஞ்சு பொரித்த பின்னரோ பிடிப்பதே பாதுகாப்பு.

10. தரவு, அறிக்கை, புதுப்பித்தல்

தடத் தரவைச் சேமிக்க மூவ்பேங்க் தளம் கட்டணமின்றி உண்டு. பகுப்பாய்வுக்கு ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளும் இலவசம். நீரில் நுண்பாசி எவ்வளவு என்பதைக் காட்டச் செயற்கைக்கோள் தரும் பச்சையத் தரவை நம் கடலில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். பாக்கு விரிகுடாவும் களப்புகளும் ஆழமற்றுக் கலங்கியிருப்பதால், அடித்தரையும் சேறும் பச்சையமாகக் கணிக்கப்பட்டுவிடும். நீங்கள் செக்கித் தட்டால் எடுத்த அளவுகள் அங்கேதான் பயன்படும்.

கூடுகளின் துல்லியமான ஆள்கூறுகளைப் பொதுவெளியில் இடாதீர்கள். முட்டை எடுப்போரும் படம் எடுப்போரும் அதைத் தேடி வருவார்கள். முன்னேற்ற அறிக்கையை அனுமதி முடிவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் திணைக்களத்துக்கு அனுப்பி, அதே உறையில் புதுப்பிப்பு விண்ணப்பத்தையும் வையுங்கள்; அறிக்கை கிடைக்காமல் புதுப்பிப்பைக் கையில் எடுக்கமாட்டார்கள். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை இரண்டு பக்கத்தில் எழுதிச் சங்கத்துக்கும் கிராம அலுவலருக்கும் கொடுத்துவிடுங்கள். அடுத்த பருவத்துக்குப் படகு பேசப் போகும்போது அந்தப் பிரதி அங்கே கோப்பில் இருக்கவேண்டும்.